ஆபாசப் படப் பழக்கம் கைமீறிப்போவதில் குணத்தின் பங்கு என்ன?

கேள்வி இது: "எனக்கு வயது முப்பதை நெருங்குகிறது. ஆபாசப் படம் பார்ப்பதை நிறுத்த வேண்டும் என்று பலமுறை முடிவெடுத்தும் முடியவில்லை. என்னோடு படித்தவர்களில் பலரும் பார்க்கிறார்கள். அவர்களுக்கு அது ஒரு பிரச்சினையாகவே இல்லை. அப்படியானால் கோளாறு என் குணத்தில்தானா? பிறவிக் குணம் என்றால் மாற்றவே முடியாதா?"

முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். குணத்துக்குப் பங்கு உண்டு. ஆனால் பெரும்பாலோர் நினைப்பதுபோல "காம உணர்வு மிகுந்தவன்", "மனவலிமை இல்லாதவன்" என்ற இடத்தில் அந்தப் பங்கு இல்லை. மனத்துக்கு ஒவ்வாத ஓர் உணர்ச்சி எழும்போது ஒருவர் அதை எப்படித் தாங்குகிறார், எவ்வளவு அவசரமாக அதிலிருந்து தப்பப் பார்க்கிறார், பிறகு தன்னை எவ்வளவு கடுமையாகத் தண்டித்துக்கொள்கிறார் என்ற இடங்களில்தான் ஆய்வுகள் திரும்பத் திரும்ப வந்து நிற்கின்றன. உங்கள் கேள்வியில் தெரியும் தன்வெறுப்பு எனக்கு வருத்தம் தருகிறது. அந்தத் தன்வெறுப்பே பழக்கத்தை இறுக்கும் கயிறுகளில் ஒன்று என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

"பிரச்சினை" என்று எதைச் சொல்கிறோம் என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். எத்தனை முறை பார்க்கிறார் என்ற கணக்கை வைத்து இதை முடிவுசெய்ய முடியாது. ஹங்கேரியைச் சேர்ந்த ஆய்வாளர் பெயாட்டா பொதேயும் அவருடைய குழுவினரும் 2020இல் வெளியிட்ட ஆய்வில் பயன்படுத்துவோர் மூன்று கூட்டங்களாகப் பிரிந்தார்கள். குறைவாகப் பார்ப்பவர்கள், அவர்களுக்குப் பிரச்சினை இல்லை. அடிக்கடி பார்ப்பவர்கள், ஆனாலும் பிரச்சினை இல்லை. அடிக்கடி பார்ப்பவர்கள், பிரச்சினையும் உண்டு. இரண்டாவது கூட்டத்துக்கும் மூன்றாவது கூட்டத்துக்கும் இடையிலான வேறுபாடுதான் உங்கள் கேள்வியின் மையம். பார்க்கும் அளவு ஏறத்தாழ ஒன்றாக இருந்தும் ஒருவருக்கு ஏன் அது ஒரு பொழுதுபோக்காக நின்றுவிடுகிறது, இன்னொருவருக்கு ஏன் வாழ்க்கையை அரிக்கும் சிக்கலாகிறது?

மருத்துவ உலகம் எங்கே கோடு போடுகிறது என்பதையும் சொல்ல வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டின் பதினோராவது பதிப்பு 2019 மே மாதத்தில் ஏற்கப்பட்டு, 2022 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதில் "கட்டாயப் பாலியல் நடத்தைக் கோளாறு" என்ற ஒன்று இடம்பெற்றிருக்கிறது. அடிமை நோய்கள் பகுதியில் அதை வைக்கவில்லை. உந்துதலைக் கட்டுப்படுத்த முடியாத கோளாறுகளின் வரிசையில் வைத்திருக்கிறார்கள். ஆறு மாதம் அல்லது அதற்கு மேலாகக் கட்டுப்படுத்த முடியாத நிலை தொடர வேண்டும். உடல்நலம், வேலை, உறவு போன்றவற்றில் குறிப்பிடத்தக்க பாதிப்போ கடும் வேதனையோ இருக்க வேண்டும். இதோடு பலரும் கவனிக்காத ஒரு நிபந்தனையும் உண்டு. "இது தவறு" என்ற ஒழுக்க உணர்விலிருந்து மட்டுமே அந்த வேதனை எழுகிறது என்றால், அதை வைத்து இந்த நோயை முடிவுசெய்யக் கூடாது. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கமோ, மார்ட்டின் காஃப்கா 2010இல் முன்மொழிந்த "மிகைப் பாலியல் கோளாறு" என்ற பெயரை, மனநோய்களை வகைப்படுத்தும் தன் கையேட்டின் 2013இல் வெளியான ஐந்தாம் பதிப்பில் சேர்க்க மறுத்துவிட்டது. அதாவது, நிபுணர்களிடையே இன்னும் விவாதம் நடந்துகொண்டிருக்கும் ஒன்றை வைத்து நீங்கள் உங்களுக்கே தீர்ப்பு எழுதிக்கொண்டிருக்கிறீர்கள்.

இது அரிதான சிக்கலும் இல்லை, எல்லோருக்கும் வருவதும் இல்லை. 42 நாடுகளில் 82,243 பேரிடம் நடத்தப்பட்டு 2024இல் வெளியான ஆய்வில், ஏறத்தாழ 3.2 விழுக்காட்டினர் ஆபாசப் படப் பயன்பாடு சிக்கலாகும் ஆபத்து நிலையில் இருப்பதாகத் தெரிந்தது. அப்படிப்பட்டவர்களில் சிகிச்சையை நாடியவர்கள் மிகச் சிலரே.

இனி குணத்துக்கு வருகிறேன். உளவியலில் ஆளுமையை அளக்க இன்று மிகப் பரவலாகப் பயன்படுவது ஐந்து பெரும் பண்புகள் என்னும் முறை. எளிதில் கலங்கும் இயல்பு, ஒழுங்கும் பொறுப்பும், இணக்கம், வெளிமுக இயல்பு, புதியவற்றை நாடும் திறந்த மனம் ஆகியவையே அந்த ஐந்து. ஒவ்வொன்றும் எல்லோரிடமும் கூடுதலாகவோ குறைவாகவோ இருக்கிறது. இன்னார் இந்த வகை என்று பெட்டி போட்டு அடைப்பதற்கான முறை அல்ல இது.

இந்த ஐந்தில் அதிக கவனம் பெற்றது முதலாவது. எளிதில் கலங்கும் இயல்பு கூடுதலாக உள்ளவர்களுக்குக் கவலை, எரிச்சல், சோர்வு, அவமான உணர்வு ஆகியவை சீக்கிரம் வருகின்றன, பலமாக வருகின்றன, போவதற்கு நேரம் எடுக்கின்றன. அலுவலகத்தில் ஒருவர் சற்றுக் குரல் உயர்த்திப் பேசினால் மற்றவர் மாலைக்குள் மறந்துவிடுவார். இவருக்கு அது இரவு வரை உள்ளே ஓடிக்கொண்டிருக்கும். பாலியல் நடத்தை கைமீறிவிட்டதென்று சிகிச்சை தேடி வந்த ஆண்களை ஆராய்ந்த ரோரி ரீடும் அவருடைய சக ஆய்வாளர்களும் இந்தக் கலங்கும் இயல்பையும், மன அழுத்தத்தில் எளிதில் தளர்ந்துபோவதையும், அவமான உணர்வையும், தன் உணர்ச்சி இன்னதென்று பிரித்தறிந்து சொல்ல முடியாத நிலையையும் அவர்களிடம் விளக்கமாகப் பதிவுசெய்திருக்கிறார்கள். கடைசியாகச் சொன்னது எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. "ஒரு மாதிரியாக இருக்கிறது" என்பதற்கு மேல் தன் நிலையைச் சொல்லத் தெரியாதவருக்கு, அந்த "ஒரு மாதிரி"யைத் தீர்க்கும் சரியான வழியும் தெரியாது. பசியா, தனிமையா, கோபமா, தூக்கமின்மையா என்று தெரியாமல் எல்லாவற்றுக்கும் ஒரே மருந்தை எடுத்துக்கொள்வார்.

ஒழுங்கும் பொறுப்பும் குறைவாக உள்ளவர்களுக்கும் சற்று ஆபத்து கூடுதல்தான். திட்டமிட்டு நாளை நகர்த்துவது, தொடங்கியதை முடிப்பது, பின்விளைவை முன்கூட்டி எண்ணுவது ஆகியவை இந்தப் பண்பின் கூறுகள் என்பதால் அதில் வியப்பில்லை. ஆனால் ஒழுங்கு மிகுந்தவர்களும் இந்தச் சிக்கலில் விழுகிறார்கள், அவர்கள் விழும் விதம் வேறு. அதைப் பின்னால் சொல்கிறேன். மற்ற மூன்று பண்புகளைப் பொறுத்தவரை முடிவுகள் ஆய்வுக்கு ஆய்வு மாறுகின்றன. புதியவற்றை நாடுபவர் ஆர்வத்தில் பார்க்கத் தொடங்கலாம். தொடங்குவதும் சிக்குவதும் ஒன்றல்ல. இணக்கத்தையும் வெளிமுக இயல்பையும் வைத்து யாரும் எதையும் உறுதியாகக் கணித்துவிட முடியாது.

இந்த இடத்தில், உங்கள் கேள்வியில் தொனிக்கும் "சுயகட்டுப்பாடு இல்லை" என்ற தீர்ப்பை எடுத்துக்கொள்கிறேன். எண்ணிப் பார்க்காமல் செயலில் இறங்கும் இயல்பு ஒரே பண்பு என்றுதான் நெடுங்காலம் கருதப்பட்டது. 2001இல் வைட்சைட், லைனம் என்ற இரு ஆய்வாளர்கள் அதைப் பிரித்துக் காட்டினார்கள். முன்யோசனை இல்லாமல் செய்வது ஒன்று. விடாப்பிடியாக ஒரு வேலையில் நிற்க முடியாதது இன்னொன்று. பரபரப்பைத் தேடுவது மூன்றாவது. உணர்ச்சி வேகத்தில் செயல்படுவது நான்காவது. இந்த நான்காவது பண்பு துயரத்தின் வேகமாகவும் இருக்கலாம், மகிழ்ச்சியின் வேகமாகவும் இருக்கலாம் என்று பிறகு 2007இல் வேறு ஆய்வாளர்கள் மேலும் பகுத்தார்கள்.

இப்படிப் பிரித்ததால் ஒரு பெரிய தெளிவு கிடைத்தது. இணையப் பாலியல் பயன்பாடு கைமீறுவதோடு தொடர்பு காட்டுவதாக அடிக்கடி வெளிப்படுவது துயரத்தின் வேகத்தில் செயல்படும் கூறு. ஏலின் வேரி, ஜோயல் பில்லியூ முதலியோர் ஆண்களிடம் நடத்திய ஆய்வில், இந்தக் கூறும் மோசமான மனநிலையும் ஒன்றுசேரும்போதுதான் சிக்கல் கூடுகிறது என்று தெரிந்தது. அப்படிப்பட்டவர் அமைதியாக இருக்கும் வேளையில் உங்களையும் என்னையும் போலவே நிதானமாக முடிவெடுப்பார். வங்கிக் கணக்கைச் சரியாக வைத்திருப்பார், வண்டியைக் கவனமாக ஓட்டுவார். மனம் கலங்கும் சில நிமிடங்களில் மட்டும் அவருடைய கணக்கு மாறிவிடுகிறது: "இந்த வேதனை இப்போதே நிற்க வேண்டும்" என்பதே எல்லாவற்றுக்கும் மேலாகிவிடுகிறது. இதைப் பொதுவான மனவலிமைக் குறை என்று சொல்வது தவறான நோயறிதல். நீங்கள் நல்ல மனநிலையில் இருக்கும் நேரத்தில் எடுக்கும் உறுதிமொழிகள் ஏன் நிற்பதில்லை என்பதற்கும் இதில்தான் விடை இருக்கிறது. உறுதிமொழி எடுத்த மனநிலை வேறு, அதைக் காக்க வேண்டிய மனநிலை வேறு.

இன்னொரு செய்தியும் உங்களுக்குப் பயன்படும். 2019இல் வெளியான, பதின்மூன்றாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் பங்கேற்ற ஓர் ஆய்வில், எண்ணிப் பார்க்காமல் இறங்கும் பொதுவான அவசர இயல்புக்கும், ஒன்றையே திரும்பத் திரும்பச் செய்யும் கட்டாய இயல்புக்கும் ஆபாசப் படச் சிக்கலோடு உள்ள தொடர்பு பலவீனமாகவே இருந்தது. மற்ற பாலியல் நடத்தைகள் கைமீறுவதில் அவசர இயல்பின் பங்கு இதைவிடக் கூடுதலாகத் தெரிந்தது. எனவே "நான் அவசரக்காரன், அதனால்தான்" என்ற எளிய விளக்கம் இங்கே பெரிதாக உதவாது.

அந்தச் சில நிமிடங்களை நெருங்கிப் பார்க்கலாம். இரவு பதினொன்றரை. மேலாளரிடமிருந்து வந்த மின்னஞ்சலுக்குப் பதில் எழுதவில்லை; எழுதினால் தவறு தன்னுடையது என்று ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கும். கைப்பேசியை எடுத்து அந்த மின்னஞ்சலைத் திறக்கிறார், முதல் வரியைப் படிக்கிறார், மூடுகிறார். செய்திகள் பார்க்கிறார். மறுபடியும் மின்னஞ்சல். நெஞ்சில் ஒரு கனம், தாடை இறுகுகிறது. இந்த நேரத்தில் அவருக்குக் காமம் இல்லை; கேட்டால் அவரே அப்படித்தான் சொல்வார். விரல் தானாக இன்னொரு பக்கத்தைத் திறக்கிறது. அடுத்த அரை மணி நேரம் அந்த மின்னஞ்சல் உலகத்தில் இல்லை. பிறகு மின்னஞ்சல் அப்படியே இருக்கிறது, தூக்கம் ஒரு மணி நேரம் தள்ளிப்போயிருக்கிறது, கூடவே "மறுபடியும் செய்துவிட்டேன்" என்ற கசப்பு. நாளை இரவு தப்பிக்க வேண்டிய உணர்ச்சிகள் இப்போது இரண்டு.

காமம் இல்லாமல் தொடங்கும் இந்தச் சங்கிலியைக் கவனியுங்கள். மக்கள் எதற்காக ஆபாசப் படம் பார்க்கிறார்கள் என்று பொதேயின் குழு ஆராய்ந்தபோது எட்டுக் காரணங்கள் கிடைத்தன. பாலியல் இன்பம்தான் மிகப் பரவலான காரணம். ஆர்வம், கற்பனை, சலிப்பு, பாலியல் வாழ்வில் நிறைவின்மை, தன்னை அறிந்துகொள்ளுதல் ஆகியவையும் இருந்தன. மன அழுத்தத்தைக் குறைக்கவும், உணர்ச்சியைத் திசைதிருப்பவும் அமுக்கவும் பார்ப்பதாகச் சிலர் சொன்னார்கள். சிக்கலோடு நெருங்கி வருபவை இந்தக் கடைசி வகைக் காரணங்கள். இன்பத்துக்காகப் பார்ப்பவருக்கு இன்பம் கிடைத்ததும் கதை முடிகிறது. தப்பிப்பதற்காகப் பார்ப்பவருக்கு, தப்ப வேண்டிய விஷயம் அப்படியே நிற்பதால், கதை முடிவதே இல்லை. ஆளுமைக்கும் இந்தப் பழக்கத்துக்கும் நடுவில் நிற்கும் பாலம் இந்தக் காரணம்தான் என்பது என் துணிபு. கலங்கும் இயல்பு ஒருவரை நேராகத் திரைக்குத் தள்ளிவிடுவதில்லை. திரையை வலிநிவாரணியாகப் பயன்படுத்தும் வழக்கம் உருவானால்தான் தள்ளுகிறது. அதே கலங்கும் இயல்புள்ள இன்னொருவர் தூக்கம் வராத இரவில் சகோதரிக்குத் தொலைபேசியில் பேசுகிறார், அல்லது மொட்டைமாடியில் நடக்கிறார். அவருக்கு இந்தச் சிக்கல் இல்லை.

இப்போது அவமான உணர்வு. இதைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நல்ல மனிதர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான்.

அமெரிக்க உளவியலாளர் ஜோஷுவா க்ரப்ஸ் பல ஆண்டுகளாக ஒரு கேள்வியைத் தொடர்ந்து ஆராய்ந்து வருகிறார். தான் ஆபாசப் படத்துக்கு அடிமையாகிவிட்டதாக ஒருவர் ஏன் நம்புகிறார்? பார்க்கும் அளவு மட்டும் அதை விளக்குவதில்லை. இச்செயல் ஒழுக்கத்துக்குப் புறம்பானது என்று உறுதியாக நம்பிக்கொண்டே அதைச் செய்பவர்கள், குறைவாகப் பார்த்தாலும், தங்களை அடிமைகளாக உணர்கிறார்கள். 2015இல் வெளியான ஓர் ஆய்வில், மனவேதனையோடு தொடர்பு காட்டியது "நான் அடிமை" என்ற நம்பிக்கை; பார்த்த நேரத்துக்கும் வேதனைக்கும் அப்படிப்பட்ட தொடர்பு பெரிதாக இல்லை. கொள்கைக்கும் செயலுக்கும் இடையிலான இந்த முரண்பாட்டை 2019இல் அவரும் சக ஆய்வாளர்களும் ஒரு முழுக் கோட்பாடாகவே எழுதினார்கள்.

இதைச் சொன்னதும் "அப்படியானால் கொள்கையைக் கைவிட வேண்டுமா?" என்று சிலர் கோபப்படுகிறார்கள். யாரும் அப்படிச் சொல்லவில்லை. ஒருவருடைய நம்பிக்கை அவருடையது. அதை மதித்துத்தான் உதவி செய்ய வேண்டும். ஆனால் "என் நடத்தை என் கட்டுப்பாட்டை மீறிவிட்டது" என்பதும் "என் நடத்தை என் நம்பிக்கைக்கு ஒத்துவரவில்லை" என்பதும் இரண்டு வேறு சிக்கல்கள். முதலாவதற்குப் பழக்கத்தை மாற்றும் சிகிச்சை வேண்டும். இரண்டாவதற்கு மனச்சான்றோடு அமர்ந்து பேசும் உரையாடல் வேண்டும். பலருக்கு இரண்டும் கலந்திருக்கும். ஆனாலும் எது எவ்வளவு என்று பார்க்காமல் தொடங்கினால், மாதத்துக்கு ஒருமுறை பார்த்துவிட்டு வாரக்கணக்கில் அழும் ஒருவருக்கு "அடிமை மீட்பு" நடத்திக்கொண்டிருப்போம்.

முன்னே சொன்ன ஒழுங்கு மிகுந்தவர்களின் சிக்கல் இங்கேதான் வருகிறது. எதையும் பிழையின்றிச் செய்ய வேண்டும் என்ற பிடிவாதமும், மனத்தில் ஓர் எண்ணம் எழுந்தாலே பாவம் என்ற அச்சமும் உள்ளவர்கள் எண்ணத்தையே தடுக்கப் பார்க்கிறார்கள். 1987இல் டேனியல் வெக்னர் நடத்திய புகழ்பெற்ற சோதனையில், வெள்ளைக் கரடியை நினைக்காதீர்கள் என்று சொல்லப்பட்டவர்களால் அதை நினைக்காமல் இருக்க முடியவில்லை. தடை நீங்கிய பிறகு, தொடக்கத்திலிருந்தே தாராளமாக நினைக்க விடப்பட்டவர்களைவிட அதிகமாகவே நினைத்தார்கள். எண்ணத்தை விரட்டும் முயற்சியே எண்ணத்துக்குக் காவல் நிற்கும் வேலையாகிவிடுகிறது. உள்ளே எழும் வேதனையான அனுபவங்களை எப்படியாவது தவிர்க்க வேண்டும் என்ற போக்கும், மிகையான பாவ அச்சமும் ஆபாசப் படச் சிக்கலோடு சேர்ந்து வருவதைப் பிற்கால ஆய்வுகளும் காட்டியிருக்கின்றன.

விரதம் முறிந்த பிறகு நடப்பதும் இந்தக் குணத்தின் விளைவு. ஆலன் மார்லட் என்ற உளவியலாளர் மதுப் பழக்கத்திலிருந்து மீள்பவர்களிடம் இதைக் கண்டு விளக்கினார். ஒரு சறுக்கலைத் தன் நிரந்தரக் குறைபாட்டின் சான்றாக எடுத்துக்கொள்பவர், "எப்படியும் கெட்டுவிட்டது" என்று முழுவதுமாக விழுகிறார். நாற்பது நாள் பார்க்காமல் இருந்தவர் ஒருநாள் பார்த்துவிட்டால், அந்த நாற்பது நாளும் அழிந்துவிட்டதாக எண்ணி அதே வாரத்தில் தொடர்ந்து பார்ப்பது இதனால்தான். நாள்களை எண்ணும் முறை சிலருக்கு உதவுகிறது. பிழையைப் பொறுக்காத குணமுள்ளவர்களுக்கு அது பெரும்பாலும் கேடாகவே முடிகிறது என்று நான் கருதுகிறேன்.

குணத்தோடு ஒட்டி வரும் வேறு சிலவற்றையும் தொட்டுவிட்டுப் போகிறேன். கவனக்குறைவு மிகைச்செயல்பாட்டுக் கோளாறின் அறிகுறிகள் உள்ள பெரியவர்களிடம் இந்தச் சிக்கல் கூடுதலாகக் காணப்படுகிறது. இவர்களுக்குச் சலிப்பு என்பது சாதாரண சலிப்பு அல்ல, உடல் வேதனைபோல. நெருக்கத்தில் எப்போதும் கைவிடப்படுவோம் என்று அஞ்சுபவர்களுக்கும், நெருக்கத்தையே தவிர்ப்பவர்களுக்கும் திரை பாதுகாப்பான இடமாகத் தோன்றுவதில் வியப்பில்லை; திரை யாரையும் நிராகரிப்பதில்லை. தனிமைக்கும் பயன்பாட்டுக்கும் உள்ள உறவு இரண்டு திசையிலும் ஓடுகிறது: தனிமை பார்க்க வைக்கிறது, பார்ப்பது ஒதுங்க வைக்கிறது.

குணத்தின் மேல் எல்லாப் பழியையும் போடுவதும் நியாயமில்லை. 1998இல் ஆல் கூப்பர் இணையப் பாலியலின் ஈர்ப்புக்கு மூன்று காரணங்களைச் சொன்னார்: எளிதில் கிடைக்கிறது, செலவு இல்லை, யாருக்கும் தெரியாது. அப்போது கணினி வீட்டில் ஓர் அறையில் இருந்தது. இன்று அது படுக்கையில் தலையணைக்குப் பக்கத்தில் கிடக்கிறது. கலங்கும் இயல்புள்ள மனிதர்கள் எல்லாக் காலத்திலும் இருந்தார்கள். கலங்கிய அதே நொடியில் கைக்கெட்டும் தூரத்தில் எல்லையில்லாத திசைதிருப்பல் இருந்ததில்லை.

ஆய்வுகளின் எல்லையையும் சொல்லியாக வேண்டும். இவற்றில் பெரும்பாலானவை ஒரே நேரத்தில் வினாத்தாளைக் கொடுத்து நிரப்பச் சொன்னவை. குணம் சிக்கலை உண்டாக்கியதா, சிக்கல் மனிதரைக் கலங்க வைத்ததா, இரண்டுக்கும் பின்னால் மனச்சோர்வு நிற்கிறதா என்று அவற்றால் பிரித்துச் சொல்ல முடியாது. தன்னைப் பற்றிக் கடுமையாக எண்ணுபவர் இரண்டு வினாத்தாளிலும் தனக்குக் கூடுதல் மதிப்பெண் போட்டுவிடுவார் என்பதையும் மறக்கக் கூடாது. குணத்துக்கும் சிக்கலுக்கும் உள்ள தொடர்பின் அளவும் பொதுவாகச் சிறியது முதல் நடுத்தரம் வரைதான். உங்கள் ஆளுமைச் சோதனை முடிவைப் பார்த்து "நீங்கள் சிக்குவீர்கள்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

அடுத்து உங்கள் இரண்டாவது கேள்வி: பிறவிக் குணம் என்றால் மாற்ற முடியாதா? ஐந்து பெரும் பண்புகளில் மனிதருக்கு மனிதர் உள்ள வேறுபாட்டில் ஏறத்தாழ நாற்பது முதல் ஐம்பது விழுக்காடு மரபோடு தொடர்புடையது என்று இரட்டையர் ஆய்வுகள் சொல்கின்றன. மரபோடு தொடர்பு என்றால் மாறாது என்று பொருளில்லை. 2017இல் பிரென்ட் ராபர்ட்ஸும் குழுவினரும் 207 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். சிகிச்சை பெற்றவர்களின் ஆளுமைப் பண்புகள் உண்மையிலேயே மாறியிருந்தன. சிகிச்சைகளின் சராசரிக் காலம் 24 வாரங்கள்தான். எந்தப் பண்பு அதிகம் மாறியது தெரியுமா? எளிதில் கலங்கும் அதே இயல்பு. உங்கள் சிக்கலோடு முதன்மையாகப் பேசப்படும் பண்பே சிகிச்சைக்கு அதிகம் இணங்கும் பண்பாகவும் இருக்கிறது. இதைவிட நல்ல செய்தி உங்களுக்கு நான் சொல்ல முடியாது.

ஆபாசப் படச் சிக்கலுக்கென்றே சோதிக்கப்பட்ட சிகிச்சைகளில், ஏற்பும் உறுதிப்பாடும் சார்ந்த சிகிச்சை குறிப்பிடத்தக்கது. 2016இல் ஜெசி கிராஸ்பியும் மைக்கேல் டூஹிக்கும் 28 ஆண்களிடம் 12 அமர்வுகளாக இதை நடத்திப் பார்த்தார்கள். சிகிச்சை பெற்றவர்களின் பார்க்கும் அளவு 93 விழுக்காடு குறைந்தது. ஒப்பிடுவதற்காகச் சிகிச்சை தராமல் காத்திருக்க வைத்த குழுவில் 21 விழுக்காடுதான் குறைந்தது. எண்ணிக்கை சிறியது என்பதால் இதை இறுதித் தீர்ப்பாகக் கொள்ள வேண்டாம். ஆனால் அது செயல்படும் விதம், மேலே சொன்னவற்றோடு அப்படியே பொருந்துகிறது. உந்துதலை அடக்கச் சொல்வதில்லை. உந்துதல் வரும்போது அதை வரவிட்டு, உடலில் எங்கே தெரிகிறது என்று கவனித்து, அதோடு சண்டையிடாமல், தனக்கு முக்கியமான ஒரு செயலைச் செய்யப் பயிற்சி கொடுக்கிறார்கள். எந்த உந்துதலும் ஏறி, உச்சம் தொட்டு, இறங்கும். தப்பி ஓடாமல் ஒருமுறை அதன் கூடவே இருந்து பார்த்தவருக்குத்தான் அது இறங்கும் என்பது தெரியவரும்.

நீங்கள் இன்றே தொடங்கக்கூடியது ஒரு குறிப்பேடு. பார்த்த நாள்களை எண்ணுவதற்கு அல்ல, பார்ப்பதற்கு முந்தைய பதினைந்து நிமிடங்களை எழுதுவதற்கு. "செவ்வாய், இரவு 11.40, படுக்கை. தம்பியின் திருமணப் பேச்சு வந்தது. எனக்கு மட்டும் எதுவும் நடக்கவில்லை என்று தோன்றியது. தொண்டை அடைத்தது." "சனி, பிற்பகல் 3, யாரும் இல்லை. செய்ய வேலை இல்லை. எரிச்சல்கூட இல்லை, வெறுமை." பார்த்தாலும் எழுதுங்கள், பார்க்காமல் தவிர்த்தாலும் எழுதுங்கள். மூன்று நான்கு வாரத்தில் உங்கள் குணம் உங்களை எந்த வாசல் வழியாக அழைத்துப்போகிறது என்று தெரிந்துவிடும்.

வாசல் தெரிந்த பிறகு வழியும் மாறும். செவ்வாய்க்கிழமைக் குறிப்பைப் போன்றவையே மிகுதி என்றால், தடைச் செயலிகளை நிறுவுவதால் பெரிய பலன் இல்லை. ஒப்பீட்டு வேதனையையும் கலக்கத்தையும் கையாளப் பழக வேண்டும். அதற்கு உளவியல் ஆலோசகரின் துணை நல்லது. சனிக்கிழமைக் குறிப்பைப் போன்றவையே மிகுதி என்றால், வெறும் நேரத்தை முன்கூட்டி நிரப்புவதும், கைப்பேசியைப் படுக்கையறைக்கு வெளியே மின்னேற்ற வைப்பதும், தடைச் செயலியும் உண்மையிலேயே வேலை செய்யும். தன்னைத் தண்டிக்கும் குணம் முன்னே நின்றால், முதலில் குறைக்க வேண்டியது பார்ப்பதை அல்ல, சறுக்கிய பிறகு உங்களிடம் நீங்கள் பேசும் பேச்சை. சறுக்கிய மறுநாள் காலையில் வழக்கமான நேரத்துக்கு எழுந்து, வழக்கமான வேலையைச் செய்வது எந்தத் தவத்தையும்விடப் பயனுள்ளது.

குடும்பத்தினருக்கும் வாழ்க்கைத் துணைக்கும் ஒரு வார்த்தை. உங்களுக்கு ஏற்பட்ட காயம் உண்மையானது, அதைச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. ஆனால் "இவனுடைய குணமே கெட்டது" என்ற சொல் அவரைத் திருத்துவதில்லை. அந்தச் சொல் தரும் வேதனையிலிருந்து தப்ப அவருக்குத் தெரிந்த வழி ஒன்றே ஒன்றுதான் என்பதை நினைவில் வையுங்கள்.

எப்போது மருத்துவரிடம் போக வேண்டும்? வேலையோ படிப்போ உறவோ பாதிக்கப்பட்டிருந்தால், ஆறு மாதமாக முயன்றும் கட்டுப்படவில்லை என்றால், இன்பமே கிடைக்காத நிலையிலும் நிறுத்த முடியவில்லை என்றால் போங்கள். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் தலைகாட்டினால் அன்றைக்கே போங்கள், இந்தப் பழக்கத்தைப் பற்றிச் சொல்லக் கூசினாலும் அந்த எண்ணத்தையாவது சொல்லிவிடுங்கள். மனநல மருத்துவர் உங்கள் மனச்சோர்வு, பதற்றம், கவனக்குறைவு, மதுப் பழக்கம், தூக்கம் ஆகியவற்றைப் பற்றிக் கேட்பார். கேட்காவிட்டால் நீங்களே சொல்லுங்கள். அடியில் மனச்சோர்வு இருந்தால் முதலில் அதைக் குணப்படுத்த வேண்டும்.

நீங்கள் எடுத்துக்கொண்டிருக்கும் மருந்துகளின் பட்டியலையும் கொண்டுபோங்கள். பார்க்கின்சன் நோய்க்கும் கால்கள் ஓயாமல் தவிக்கும் கோளாறுக்கும் தரப்படும் பிராமிபெக்சோல், ரோபினிரோல் போன்ற டோபமைன் வகை மருந்துகள் சிலருக்குச் சூதாட்டம், பாலியல் ஆகியவற்றில் அடக்க முடியாத உந்துதலை உண்டாக்குகின்றன. மனநோய்களுக்குத் தரப்படும் அரிப்பிப்ரசோல் பற்றியும் 2016இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் இதே எச்சரிக்கையை விடுத்தது. மருந்து தொடங்கிய பிறகுதான் பழக்கம் கைமீறியது என்றால் அந்தத் தேதியை மருத்துவரிடம் சொல்லுங்கள். மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள். அளவைக் குறைப்பதா, வேறு மருந்துக்கு மாற்றுவதா என்பதை அவர் முடிவுசெய்வார். அப்படிப்பட்டவர்களில் பலருக்கு அந்த மாற்றத்தோடு உந்துதலும் தணிந்துவிடுகிறது. குணத்தைக் குற்றம்சாட்டும் முன் அந்தப் பட்டியலை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.